சத்து மாத்திரை

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்பாள். மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பதினாறு வருஷம். மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பாள். ஆனால் பதிலைக் காதில் வாங்காமல் விடமாட்டாள். எதிரில் நிற்கிறவர் கொஞ்சம் இழுத்தால் போதும், கத்தரி நின்றுவிடும். "என்ன இழுக்கறீங்க? சர்க்கரைக்கா, பிரஷருக்கா, தூக்கத்துக்கா? மறைச்சா எனக்கா நஷ்டம்?" என்று ஒரு அதட்டு. ஒரு போலீஸ்காரரையே அப்படி அதட்டி, வலி மாத்திரை தராமல் திருப்பி அனுப்பியவள்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. இந்தப் பழமொழியைக் கட்டினவன் யாரோ தெரியாது. இவளைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருப்பான்.

அவள் புருஷனை எல்லோரும் மைக்காரர் என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. ஒரு ஆள் உட்காரலாம், இரண்டாவது ஆள் நிற்கத்தான் முடியும் என்கிற அளவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு நோட்டு, கால் ஆடுகிற ஒரு நாற்காலி. அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். ஆனால் அந்தக் குரல்! வெல்லம் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். எந்த மேடை, எந்த வண்டி, எத்தனை மணி என்று சொல்லி முடித்ததும், யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக்கொள்வார்: "ஏறுறதுக்கு முன்னாடி, எதையாவது விட்டுட்டோமான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க." அதைக் கேட்டுத் திரும்பிப் போய்ப் பையை எடுத்தவர்கள், குடையை எடுத்தவர்கள், ஏன், தூங்கிப்போன பிள்ளையையே எடுத்தவர்கள்கூட உண்டு.

மருந்துக்கடை பேருந்து நிலைய வாசலுக்கு எதிரே. வீடு அதற்குப் பின்னால் இரண்டாவது தெரு. ஒலிபெருக்கி இரண்டுக்கும் கேட்கும். நாள் முழுக்கப் புருஷன் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கிற பெண்டாட்டி உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? "வீட்டுலதான் பேசறதே இல்ல, அங்க மட்டும் வாய் ஓயாது" என்று அலுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் ஒரே பெருமை. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டிருந்தது.

மைக்காரருக்கு ஒரு அக்கா. கடைத்தெருக் கோடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவள். சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் கடையில் கூரை வரைக்கும் தகர டப்பாக்கள், வேர், பட்டை, விதை, தராசு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, நாலு கேள்வி கேட்டபிறகுதான் பொட்டலம் மடிப்பாள்.

இந்த இரண்டு பெண்களும் கீரியும் பாம்பும். நாத்தனார் இவளை "மாத்திரைக்காரி" என்பாள். இவள் அந்தக் கடையை "சருகுக்கடை" என்பாள். "அதெல்லாம் மருந்தா? வெந்நீருல சருகைப் போட்டு ஆத்திக் குடிக்கறது மருந்தா?" என்று இவள் எங்கோ சொன்னது, கை கால் முளைத்து அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறமும் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நாத்தனார் மனசு கேட்காமல் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் வந்து பார்த்தால் அந்தப் பொட்டலம் பிரிக்காமலே குப்பைக்கூடையில் கிடக்கிறது. "என் கையால குடுத்ததைக் குப்பையில போட்டவ வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று போனவள்தான், மூன்று வருஷம் மிதிக்கவில்லை. மைக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அங்கே இவளைப் பற்றிப் பேசமாட்டார், இங்கே அவளைப் பற்றிப் பேசமாட்டார். மைக்கைப் பிடித்தால் தேன், இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டினால் ஊமை.

இப்படி இருக்கும்போது பேருந்து நிலைய ஊழியர்களுக்கு ஒரு பரிசோதனை நடந்தது. மைக்காரருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். அன்று சாயங்காலம் அவர் பெண்டாட்டி பின்னாலேயே சமையலறைக்கு வந்து நின்றார்.

"இந்தா, அக்காவுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

"ஏன்? தெரிஞ்சா என்ன தலையையா சீவிடுவாங்க?"

"மாத்திரையைத் தொட்டா கட்டையில போற வரைக்கும் விடாதுன்னு சொல்லும். அழும். எனக்கு அதைப் பாக்க முடியாது."

அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தம்பியைப் பிரஷர்காரனாக ஆக்கியது யார் என்று விரல் நீண்டால் இவள் பக்கம்தானே நீளும்? தொழில் தெரிந்த கை. காலியான சத்து மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, மாதாமாதம் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி அதில் நிரப்பிவிடுவாள். டப்பாவின் மேல் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பப் படம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற அந்தச் சின்ன எழுத்துக் காகிதத்தைக் கசக்கி எறிவது அவளுக்குப் பதினாறு வருஷப் பழக்கம். அதையும் எறிந்தாள்.

மூன்று வாரத்தில் இருமல் தொடங்கியது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெறும் வறட்டு இருமல். தொண்டைக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார், உடனே பிடித்துக்கொள்ளும். பஸ் புகை என்றாள் இவள். ஒரு சிரப் கொடுத்தாள், கேட்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. மூன்றாவது சிரப்பில் தூக்கம்தான் வந்தது. அறிவிப்புக்கு நடுவில், "மூன்றாம் மேடையில் நிற்கும் வண்டி" என்பதற்கப்புறம் லொக்கு லொக்கென்று ஊர் முழுக்கக் கேட்டது. "வண்டி கிளம்பிடுச்சு, இருமல் இன்னும் கிளம்பலை" என்று ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நிலைய அதிகாரி சிரிக்கவில்லை. மாத முடிவுக்குள் தொண்டை சரியாகாவிட்டால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று மைக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "எனக்கு வேற என்ன தெரியும்? பேசத்தான் தெரியும்" என்றார். பதினாறு வருஷமாக ஊருக்கே மாத்திரை கொடுத்தவளிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் நாத்தனார்! கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"ஒலிபெருக்கியில அவன் இருமறதை என் கடை வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன். ரோஷம் பாத்தா தம்பி மிஞ்சுவானா?" என்றாள், உள்ளே வராமலே.

இவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, "உள்ள வாங்க அண்ணி" என்றாள். அந்த மூன்று வார்த்தை தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் வெளியே வந்தது.

அதிமதுரக் கஷாயம். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மைக்காரர் குடித்துவிட்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்று சின்னப் பிள்ளை மாதிரி உதட்டை நக்கினார். இரண்டு பெண்களையும் ஒரே அறையில் பார்த்த சந்தோஷம் வேறு அவர் முகத்தில். நாத்தனார் கண் அலமாரி மேலிருந்த டப்பாவில் விழுந்தது.

"அது என்ன மாத்திரை? அவன் சாப்பிடறதா?"

மைக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வாசப்படி மிதித்திருக்கிறாள். இப்போது போய்ப் பிரஷர் என்று ஆரம்பித்தால் வந்த வழியே போய்விடுவாள்.

"சத்து மாத்திரைதான் அண்ணி" என்றாள் இவள்.

"அதான் டப்பாவே சிரிக்குது" என்று நாத்தனாரும் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று!

நாலைந்து நாளில் இருமல் அடங்கியது. முழுக்க இல்லை, ஆனால் மைக்குக்கு முன்னால் வராது. தினம் காலையில் நாத்தனார் ஃபிளாஸ்க்கோடு வருவாள், இவள் சத்து மாத்திரை டப்பாவைத் திறப்பாள். "உன் மாத்திரையும் இருக்கட்டும், என் கஷாயமும் இருக்கட்டும். ஒரு கை தட்டினா ஓசை வருமா?" என்பாள் நாத்தனார். இவளும் தலையாட்டுவாள். சமையலறையில் இருவரும் சேர்ந்து பாத்திரம் கழுவுகிற அளவுக்கு ராசியாகிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் நிலைய அதிகாரி இன்னொரு யோசனை சொன்னார். மைக்காரர் லீவு போடுகிற நாளைக்கு ஆகுமே என்று எல்லா அறிவிப்பையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமாம். நாத்தனார் அன்றைக்கென்று கஷாயத்தை இரண்டு பங்கு கெட்டியாக இறக்கிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எட்டு மேடைக்கும் பேசிவிட்டு வந்தார். ஒரு இருமல் இல்லை. "எல்லாம் அக்கா கை" என்றார். இவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிரஷர் பார்க்கிற நாள் வந்தது. குறைந்திருக்க வேண்டியது ஏறியிருந்தது. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். உப்பைக் கேட்டார். கடைசியில், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான் மருந்துக்கடையிலதான் வேலை பாக்கறேன். எனக்குத் தெரியாம ஒரு அரை மாத்திரைகூட இவர் வாய்க்குள்ள போகாது."

பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அதுதான் கொடுமை. அவள் அகராதியில் மருந்து என்றால் அட்டையில் இருக்கும், பாட்டிலில் இருக்கும், மேலே தேதி போட்டிருக்கும். ஃபிளாஸ்க்கில் வருவது அண்ணி கொடுக்கிற கஷாயம். அது சண்டைக்காலத்தில் சருகுத்தண்ணி, ராசியானபிறகு பாசம். மருந்தாக அது எப்போதும் இருந்ததில்லை.

"இருமல் ஏதாவது?" என்று டாக்டர் கேட்டதற்கும் மைக்காரரே முந்திக்கொண்டார்: "இருந்துச்சுங்க, இப்ப சரியாப் போச்சு." இருமலைப் போய் பிரஷர் டாக்டரிடம் எதற்கு விளக்கிக்கொண்டு என்று அவருக்கு.

டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். இரண்டாக்கியதும் இருமல் திரும்பி வந்தது. நாத்தனார் அதிமதுரத்தைக் கூட்டினாள். அடுத்த தடவை பிரஷர் இன்னும் மேலே. டாக்டர் கூடவே நீர் பிரிகிற மாத்திரை ஒன்று சேர்த்தார். அதற்கப்புறம் மைக்காரருக்கு ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. படியேறினால் கால் துவண்டது. இவள் தைலம் தேய்த்தாள், நாத்தனார் எண்ணெய் காய்ச்சி அனுப்பினாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு, மனசாரத்தான் செய்தார்கள். யாரைக் குற்றம் சொல்ல?

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கவுன்ட்டரில் கூட்டம். ஒரு பெரியவருக்கு மாத்திரை நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஒலிபெருக்கியில், "ஐந்தாம் மேடையில்" என்று குரல் வந்தது. பிறகு, "ஐந்தாம்... மே... மே..." என்று இழுத்தது. வார்த்தை குழைந்து, உருண்டு, என்னவென்றே புரியாமல் போனது.

"காலையிலயே போட்டுட்டாரா மைக்காரர்?" என்று ஒருவன் சிரித்தான்.

அவள் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. அப்படியே செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடினாள். கூண்டுக்குள் அவர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "ஏங்க, ஏங்க" என்று அவள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பச்சைத் திரைக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சு. மத்தியானம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் அதே ஃபிளாஸ்க்.

"உதட்டை நனைக்கவாவது விடுவாங்கல்ல? தொண்டை காஞ்சு கிடப்பான்" என்றாள்.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்தாள். சின்னப் பெண். கண்ணில் தூக்கமில்லை.

"மூளையில ரத்தக் கசிவு இருக்கு. அதைப் பாத்துக்கிட்டிருக்கோம். ஆனா இன்னொரு விஷயம் எனக்குப் புரியல. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ரொம்பக் கீழ போயிருக்கு, இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. நீர் மாத்திரை மட்டும் இவ்வளவு பண்ணாது. காரணம் தெரியாம நான் மேல மேல ஏத்திக்கிட்டு இருக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?"

அவள் வாய் தானாகத் திறந்தது. "இல்ல" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் நாத்தனார் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த இனிப்பு வாசனை வந்தது. தினம் நூறு பேரிடம் கேட்டவளுக்கு அப்போதுதான் கேள்வி உறைத்தது. சொன்னால் அண்ணி அந்த இடத்திலேயே செத்துவிடுவாள். தன் பொய்யும் கூடவே வெளியே வந்து விழும். சொல்லாவிட்டால் உள்ளே கிடக்கிறவர் பிழைக்கமாட்டார்.

"சாப்பிட்டாரு டாக்டர்" என்றாள். "அந்த ஃபிளாஸ்க்ல இருக்கு. அதிமதுரம். ரெண்டரை மாசமா, தினம் ரெண்டு வேளை. மருந்துதான்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க நாத்தனார் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பாள்! கேட்டாள். இப்படியா கேட்க வேண்டும்?

டாக்டர் ஃபிளாஸ்க்கை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அதிகமா, ரொம்ப நாள் சாப்பிட்டா இது பிரஷரை ஏத்தும், அந்த உப்பை இறக்கும். இருமலுக்கா குடுத்தீங்க? வறட்டு இருமலா?" என்று பழைய சீட்டைப் புரட்டினாள். "இந்தப் பிரஷர் மாத்திரைக்கே சில பேருக்கு அந்த இருமல் வரும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்தியிருப்பாங்க" என்றுவிட்டு அவசரமாக உள்ளே போனாள். காரணம் தெரிந்துவிட்ட நடை அது.

பெஞ்சில் இரண்டு பேர் மட்டும்.

"பிரஷர் மாத்திரையா?" என்றாள் நாத்தனார். "சத்து மாத்திரைன்னியே?"

"அவர்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு... நீங்க அழுவீங்கன்னு..."

"அதிமதுரம் கேட்டு எவன் வந்தாலும் கொதிப்பு இருக்கான்னு கேக்காம நான் பொட்டலம் மடிச்சதில்லடி. முன்னப் பின்ன தெரியாதவனைக்கூடக் கேப்பேன். உன்கிட்டயும் கேட்டேனே. கேட்டேனா இல்லையா? கொதிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பேனே. எங்கிட்டயா வேற இல்ல?"

அவள் நாத்தனாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் அவளைத் தள்ளவும் இல்லை, தூக்கவும் இல்லை.

மைக்காரர் பிழைத்தார். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை. கேட்பது புரிகிறது, கண் பேசுகிறது, வாயைத் திறந்தால் "மே, மே" என்ற ஒன்றுதான். அந்த ஐந்தாம் மேடையிலேயே நாக்கு நின்றுவிட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். மூன்று மாதமாகிறது.

நாத்தனார் இப்போதும் தினம் காலையில் வருகிறாள். கையில் ஃபிளாஸ்க் இல்லை. தம்பிக்கு முகம் துடைத்துவிடுகிறாள், கையைப் பிடித்து நீவுகிறாள், ஊட்டுகிறாள். இவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சண்டை போட்டாலாவது தேவலை, மாத்திரைக்காரி என்று ஒரு தடவை திட்டினால்கூடப் போதும் என்று இவள் ஏங்குகிறாள். திட்டுவதும் இல்லை. சத்து மாத்திரை டப்பா அலமாரி மேலேயே காலியாக இருக்கிறது. எறியவும் கை வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

நிலையத்தில் புது ஆள் யாரையும் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? எட்டு மேடைக்கும் பதிவு இருக்கிறதே.

இன்று காலையிலும் அப்படித்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாத்தனார், இந்தப் பக்கம் இவள், நடுவில் அவர். ஜன்னல் வழியாக ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. அதிமதுரம் அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. மைக்காரர் தலையைத் திருப்பித் தன் குரலைக் கேட்டார். உதடு அதோடு சேர்ந்து அசைந்து பார்த்தது, சத்தம் வரவில்லை. நாத்தனார் நிமிர்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தம்பி பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி," என்றது வெளியே அந்தக் குரல், "எதையாவது விட்டுட்டோமான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க."